ஒரே தட்டு, மூன்று சத்தம்: பழைய வயலின் பதிவுகள் மறுவெளியீடாக வரும்போது என்ன நடக்கிறது?

போன தை மாதம் கோபிச்செட்டிபாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை மகள் வயலின் கற்றுக்கொள்கிறாள். இது மூன்றாவது வருடம். துவாரம் வெங்கடசாமி நாயுடு வாசித்த ஒரு பழைய கீர்த்தனையைக் கேட்டுவிட்டு வரும்படி அவளுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். இணையத்தில் தேடினால் அதே வாசிப்பு மூன்று இடங்களில் கிடைத்தது. முதலாவதில் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஓயாத சத்தம். இரண்டாவது சத்தமே இல்லாமல் சுத்தமாக இருந்தது, ஆனால் வயலினைப் போர்வையால் மூடி வைத்து வாசித்த மாதிரி இருந்தது. மூன்றாவது மற்ற இரண்டையும்விடச் சுருதி தூக்கலாக, வேகமாக ஓடியது.

"ஏனுங் மாமா, வாசிச்சவரு ஒருத்தரு, வாசிச்சது ஒரு தடவை. அப்புறம் எப்படி மூணு மாதிரி கேக்குது? நான் எதைப் பார்த்து வாசிக்கறது?"

மறுவெளியீடு என்ற விஷயம் மொத்தமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அன்றைக்கு ஆசாரத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதையே, ஒலிப்பதிவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் துவாரம் யார் என்று சொல்லிவிட வேண்டும். 1893இல் பெங்களூரில் பிறந்தவர், வளர்ந்தது விசாகப்பட்டினத்தில். கண்பார்வை மங்கலானவர். இருபத்தாறு வயதிலேயே விஜயநகரம் இசைக் கல்லூரியில் வயலின் பேராசிரியர் ஆனார், பிறகு அதே கல்லூரிக்கு முதல்வர். 1941இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுதான் வயலின்காரரின் வேலை என்று இருந்த காலத்தில், வயலினை மட்டுமே வைத்து ஒரு கச்சேரியை முழுதாக நடத்திக் காட்டியவர். 1964இல் காலமானார். கோவை வானொலி நிலையம் தொடங்கியதே 1966 டிசம்பரில்தான். ஆக, அவர் இருந்த காலத்தில் நம் கொங்குப் பக்கத்து மக்கள் அவரைக் கேட்டிருந்தால் அது சென்னை, திருச்சி வானொலியில், அல்லது இசைத்தட்டில், அல்லது நேரில். நமக்கு மிச்சம் இருப்பது பதிவுகள் மட்டும்தான். கரூர்க்காரரான பாப்பா வெங்கடராமய்யாவுக்கும் இதே கதைதான். 1962இல் சங்கீத கலாநிதி பெற்ற அந்த வயலின் மேதையை, அவர் ஊரிலேயே இன்று பதிவுகள் வழியாகத்தான் கேட்க முடியும். அதனால் அந்தப் பதிவு நம் காதுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தட்டுக்குள் என்ன இருக்கிறது

பழைய கிராமபோன் தட்டு அரக்கால் ஆனது. வாத்தியத்தின் சத்தம் ஒரு வெட்டூசியை ஆட்டும். அந்த ஆட்டம் சுழலும் மெழுகுத் தட்டில் நெளிநெளியான ஒரே ஒரு நீண்ட தடமாகப் பதியும். மெழுகின் மேல் உலோகம் படியவைத்து அச்சு எடுப்பார்கள். சூடாக்கிய அரக்கும் கல்பொடியும் கலந்த கலவையை அந்த அச்சில் வைத்து அழுத்தினால் விற்பனைத் தட்டு தயார். கல்கத்தாவில் 1908இல் இதற்கான தொழிற்சாலை வந்தது. அதற்கு முன்பு நம் பாட்டுக்காரர்களின் தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தன.

கல்பொடி எதற்கு என்று கேட்கலாம். அந்தக் காலத்து இரும்பு ஊசியின் முனையைத் தடத்துக்குப் பொருந்துகிற மாதிரி தேய்த்துக்கொள்ளும் வேலையை அது செய்தது. அதனால்தான் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். ஆக, பழைய தட்டின் சரசரப்புக்குத் தூசி மட்டும் காரணம் இல்லை. அது தட்டின் உடம்பிலேயே இருக்கிறது, புதுத் தட்டிலும் இருந்தது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். பன்னிரண்டு அங்குலம் என்றால் நான்கு, நாலரை. கச்சேரியில் அரை மணி நேரம் விரிகிற ராகத்தை வித்வான் இதற்குள் அடக்க வேண்டும். இப்படிச் சுருக்கி வாசித்ததில் ஒரு தனி அழகு உண்டு. ஒரு வீண் ஸ்வரம் இருக்காது.

1925 வரைக்கும் மைக்கே கிடையாது. பெரிய கூம்பு ஒன்றின் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். அந்தக் காற்றின் பலத்தில்தான் வெட்டூசி ஆடும். வயலின் சத்தம் போதாது என்பதற்காக, மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் கூம்பு பொருத்திய வயலினை ஸ்ட்ரோ என்பவர் செய்து கொடுத்தார். மைக் வந்த பிறகுதான் சாதாரண வயலினின் நாதம் ஓரளவு உள்ளபடி தட்டில் ஏறியது.

சரி, மறுவெளியீடு என்றால் என்ன? அந்தத் தடத்தில் இருக்கிற சத்தத்தை வேறொரு பொருளுக்கு மாற்றித் திரும்ப வெளியிடுவது. அரக்குத் தட்டிலிருந்து எல்பி (பின்னால் வந்த, அதிக நேரம் ஓடுகிற பிளாஸ்டிக் தட்டு), எல்பியிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து சிடி, அங்கிருந்து இணையம். இந்த வழி நெடுக ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து சில முடிவுகளை எடுத்திருக்கிறார். எந்தத் தட்டு, எந்த ஊசி, எந்த வேகம், எவ்வளவு சத்தத்தை நீக்குவது. தங்கை மகள் கேட்ட மூன்றும் ஒரே வாசிப்புதான். ஆனால் அதை நமக்கு முன்னால் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டு, அவரவர் கேட்டதை நமக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எந்தத் தட்டு, எந்த ஊசி

உலோக அச்சு இன்னும் பத்திரமாக இருந்தால் அதிலிருந்தே எடுப்பதுதான் மிகச் சிறந்தது. அது கிடைக்காத பதிவுகளுக்கு, வீடுகளில் தப்பிப் பிழைத்த தட்டுதான் கதி. நம் பக்கம் தட்டுகளுக்கு இரண்டு வாழ்க்கை இருந்தது. தொட்டிக்கட்டு வீட்டு மர அலமாரியில் உறையோடு நின்ற தட்டு ஒன்று. கல்யாணத்துக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் ரேடியோ செட்டுக்காரரின் பெட்டியில் ஊர் ஊராகப் போன தட்டு இன்னொன்று. இரண்டாவது வகை எத்தனை ஆயிரம் பேரை மகிழ்வித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு அதன் மேல் மரியாதைதான் வருகிறது. ஆனால் தடத்தின் சுவர் தேய்ந்து போயிருக்கும்.

தேய்ந்த தட்டையும் காப்பாற்ற வழி உண்டு. கரிசல் காட்டில் மாட்டுவண்டித் தடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அகலச் சக்கரம் போய்ப் போய், அந்த இடம் மட்டும் அரித்துக் குழி விழும். கொஞ்சம் அகலமான சக்கரம் வந்தால் அது குழிக்குள் இறங்காமல் மேலே தேயாத ஓரத்தில் ஓடும். மறுவெளியீடு செய்பவர் பல அளவில் ஊசிகள் வைத்திருப்பார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தடத்தின் சுவரில் தேயாத உயரத்தைத் தொடுகிற ஊசியைத் தேர்ந்தெடுப்பார். எல்பிக்கான ஊசியைப் போடவே கூடாது. அரக்குத் தட்டின் தடம் எல்பியின் தடத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். சின்ன ஊசி அடியில் அழுக்கு தங்கும் இடத்துக்கே போய்விடும். மற்ற எல்லாச் சீரமைப்பும் அப்புறம்தான். ஊசி சரியில்லை என்றால் பிறகு எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

வேகம், அதாவது சுருதி

இதில்தான் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர். ஆனால் ஆரம்ப காலத்தில் ஆளுக்கு ஒரு வேகத்தில் பதிந்தார்கள். எழுபதிலிருந்து எண்பதுக்கு மேல் வரைக்கும் உண்டு. சாவி கொடுக்கும் கிராமபோனில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான்.

தட்டு வேகமாகச் சுற்றினால் பாட்டு சீக்கிரம் முடியும், சுருதியும் ஏறும். இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஏறக்குறைய ஆறு சதவீதம் வேகம் கூடினால் அரைக் கட்டை ஏறிவிடும். இரண்டு கட்டையில் வாசித்தது இரண்டரைக் கட்டையாகக் கேட்கும். தங்கை மகளின் முதல் இரண்டு பதிவுகளும் 3 நிமிடம் 12 விநாடி. மூன்றாவது 3 நிமிடம் 1 விநாடி. கணக்குப் போட்டால் சரியாக அந்த ஆறு சதவீதம் வருகிறது. அவள் வயலினை எடுத்துத் தந்தியைச் சேர்த்துப் பார்த்தாள். அரைக் கட்டை வித்தியாசம்.

அப்படியானால் எது சரி? மேற்கத்திய வயலின் தட்டு என்றால் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். ஜோசப் யோவாகிம் என்ற மாபெரும் வயலின் கலைஞர், 1831இல் பிறந்தவர், 1903இல் தன் எழுபத்திரண்டாம் வயதில் சில பக்கங்கள் வாசித்துப் பதிந்திருக்கிறார். அவற்றில் பியானோ கூட ஒலிக்கும் பக்கங்கள் உண்டு. பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் ஏறக்குறைய நிலையான அதிர்வெண் இருப்பதால், அதை வைத்து வேகத்தைச் சரிசெய்து கொள்ளலாம். அங்கே வயலின்காரர்களும் நொடிக்கு 440 அதிர்வு என்ற அளவை ஒட்டித்தான் தந்தியைச் சேர்ப்பார்கள்.

நம் சங்கீதத்தில் ஆதார ஷட்ஜம், அதாவது எந்த உயரத்தில் 'ஸ' வைப்பது என்பது, வாசிப்பவரின் விருப்பம். பாடகரோடு வாசித்தால் அவர் சுருதி. தனியாக வாசித்தால் தன் வாத்தியத்துக்கு எது இனிமையோ அது. மிருதங்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், அதையும் அதே சுருதிக்குத்தான் சேர்த்திருப்பார்கள். வயலின் ஏறினால் மிருதங்கமும் கூடவே ஏறும். தம்புராவும் அப்படியே. வெளியே நின்று அளக்க ஒரு கோல் இல்லை. கர்நாடக சங்கீதத்தின் பழைய பதிவுகளை மறுவெளியீடு செய்வதில் இதுதான் மற்ற எதையும்விடக் கடினமான வேலை என்பது என் கருத்து.

இருந்தாலும் தடயங்கள் கிடைக்கும். பதிவின்போதே மின்சாரத்தின் முனகல் மெலிதாகக் கலந்திருந்தால் அது நொடிக்கு 50 அதிர்வில் இருக்க வேண்டும். 53 என்று வந்தால் தட்டு வேகமாக ஓடுகிறது என்று பொருள். ஒரே கலைஞர் ஒரே நாளில் பதிந்த பல பக்கங்கள் கிடைத்தால் அவற்றின் சுருதியை ஒப்பிடலாம். தட்டின் நடுவில் லேபிளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் பதிவு எண் வரிசை இதற்கு உதவும். கடைசியில் காதும் வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த சத்தம் தரும் பக்கம்) கனமாக இறங்க வேண்டிய இடத்தில் டப்பாவைத் தட்டின மாதிரி கேட்டால், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கமகம் ஒரு மனிதக் கை அசைக்கக் கூடியதைவிடப் படபடப்பாக இருந்தால், வேகத்தைச் சந்தேகிக்கலாம். எங்கள் மூன்றாவது பதிவில் இரண்டுமே இருந்தது. அது கேசட் வழியாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன். டேப்ரிக்கார்டரின் மோட்டார் வேகமாக ஓடினால் நகலில் சுருதி ஏறிவிடும், பெல்ட் தளர்ந்தால் இறங்கிவிடும். அந்த நகலைக் கேட்டே பல வருடம் பழகியவருக்கு அதுதான் மூலமாகத் தெரியும்.

சத்தத்தை எவ்வளவு நீக்கலாம்

இரண்டாவது பதிவுக்கு வருவோம். அந்தச் சுத்தமான பதிவு.

தட்டின் இரைச்சலில் இரண்டு வகை உண்டு. கீறலால் வரும் 'டிக்' சத்தம் நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் நீடிக்கும். அதை வெட்டிவிட்டு, முன்னும் பின்னும் இருக்கிற ஒலியைப் பார்த்து இடைவெளியைக் கணினியே நிரப்பிவிடும். துணியில் ஓட்டையை இழை பார்த்துத் தைப்பது போன்ற வேலை. நன்றாகச் செய்தால் தெரியாது. இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

இன்னொன்று, கல்பொடியால் ஓயாமல் வருகிற 'ஸ்ஸ்' என்ற சரசரப்பு. சிக்கல் இங்கேதான். வயலின் தந்தியில் ஒரு ஸ்வரம் வாசித்தால் அந்த ஒரு அதிர்வு மட்டும் எழுவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு என்று மேலே மேலே மெல்லிய அதிர்வுகள் ஒரு கொத்தாக எழும். அந்தக் கொத்துதான் வயலினை வயலினாகவும் புல்லாங்குழலைப் புல்லாங்குழலாகவும் நம் காதுக்குக் காட்டுகிறது. அதோடு வில்லின் குதிரைமயிர் தந்தியை உரசும் சத்தமும் உண்டு. அதுவும் ஒரு 'ஸ்ஸ்'தான். தட்டின் சரசரப்பும், வில்லின் உரசலும், அந்த மெல்லிய மேல் அதிர்வுகளும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. எது கல்பொடி, எது துவாரத்தின் வில் என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

திருப்பூர்ப் பக்கம் ஜின்னிங் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பருத்தியிலிருந்து கொட்டை போக வேண்டும், ஆனால் இழை அறுபடக் கூடாது. கொட்டை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று முரட்டுத்தனமாக இழுத்தால் பஞ்சு வெள்ளையாகத்தான் இருக்கும். நூற்கும்போதுதான் இழையின் நீளம் போய்விட்டது தெரியும். அளவுக்கு மீறி இரைச்சல் நீக்கிய வயலினும் அப்படித்தான். நாதம் ஆர்மோனியம் மாதிரி மொழுமொழுவென்று ஆகிவிடும். ஸ்வரம் இருக்கும், வில் இருக்காது. துவாரத்தின் பெருமையே அந்த வில்லில் இருந்தது. நீளமாக, அவசரம் இல்லாமல் இழுத்து, ஒரே இழுப்பில் மெதுவாக எழும்பி அடங்குகிற நாதம். அதை எடுத்துவிட்டு அவருடைய பெயரை மட்டும் உறையில் போடுவதில் என்ன பயன்?

அதனால் தங்கை மகளுக்கு நான் சொன்னது, கடுகு பொரிகிற அந்த முதல் பதிவையே கேள் என்பதுதான். இரைச்சலை நம் காது இரண்டு நிமிடத்தில் ஒதுக்கிவிடும். மழை பெய்யும்போது ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், பேச்சு கேட்காமலா போகிறது? ஆனால் பதிவிலிருந்து எடுத்து வீசிய ஒன்றை எந்தக் காதாலும் திரும்பச் சேர்க்க முடியாது. சுருதியைப் பற்றிக் கவலைப்படாதே, ஆசிரியர் வைக்கிற சுருதியில் நீ வாசி. பதிவிலிருந்து கற்க வேண்டியது வில்லும் பிடிப்பும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடம் பக்கத்துத் தடத்தில் இடிக்காமல் இருக்க, பதிவு செய்யும்போது அடிநாதத்தைக் குறைத்துப் பதிவார்கள், ஒலிக்கும்போது அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். 1950களின் நடுவில் பொது அளவு வரும் வரைக்கும் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு, ஆகவே இதிலும் ஊகம் உண்டு. ஒரே கீர்த்தனை இரண்டு பக்கமாக வந்திருந்தால் ஒட்டித் தொடர்ச்சியாக்குவார்கள். ஒட்டு தெரியாவிட்டால் நல்லது. சிலர் பெரிய மண்டபத்தில் வாசித்தது போல எதிரொலி சேர்ப்பார்கள்; அதை நான் தவிர்த்துவிடுவேன். 'ரீமாஸ்டர்' என்று உறையில் போட்டிருந்தால், இந்த வேலைகளை யாரோ புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம், நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, பதிவு எண் என்ன, யார் எடுத்தார், வேகத்தை எப்படி முடிவு செய்தார் என்று எழுதியிருக்கும் வெளியீட்டை நம்பி வாங்கலாம். மேற்கே இந்த வேலை செய்பவர்களின் பெயரைப் பார்த்தே தட்டு வாங்குகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத அமெரிக்கர் வார்ட் மார்ஸ்டன் அப்படி உலகப் பெயர் எடுத்தவர்.

ஒரே வாசிப்பு இத்தனை இடத்தில் கிடைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கெடு முடிந்த பழைய தட்டை யார் வேண்டுமானாலும் எடுத்து வெளியிடலாம். பரணில் கிடக்கிற தட்டு ஒவ்வொன்றும் ஒரு நல்ல மறுவெளியீட்டுக்கு மூலமாகலாம் என்பதும் இதனால்தான்.

தங்கை வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருந்தது. எங்கள் அப்புச்சியினுடையது. அதை அன்று சாயங்காலம் இறக்கினோம். பதினொரு தட்டு. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் பாடியது நான்கு. வயலின் இரண்டு, மீதி நாதஸ்வரம். அவற்றில் ஒரு வயலின் தட்டின் கதி எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன்பு நானே அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். துணியில் கறுப்பாக ஒட்டியது அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அந்தப் பக்கத்தில் இன்று வயலின் எங்கோ தூரத்தில் கேட்கிறது. உங்கள் வீட்டில் தட்டு இருந்தால் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் அருகில் கொண்டு போகாதீர்கள். மெத்தென்ற பிரஷ்ஷால் தடத்தின் போக்கிலேயே தூசியைத் தட்டுங்கள், அழுக்கு போகவில்லை என்றால் லேபிள் நனையாமல் சுத்தமான தண்ணீர் போதும். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப் போடாமல், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஓட்டுக்கு அடியில் வெயில் இறங்குகிற பரண் வேண்டாம். கீழ் அறைக்கு மாற்றுங்கள். விரிசல் விட்ட தட்டையும் வீசாதீர்கள், விரிசலைத் தாண்டி ஒலியை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பதினொன்றையும் துடைத்து, புதுக் காகித உறை போட்டு, கீழ் அறை மர அலமாரியில் நிறுத்தினோம். அவள் ஒவ்வொன்றின் பதிவு எண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் எழுதினாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி முதல் பதிவைப் போட்டாள். பாதியில் நிறுத்தி, "இங்க வில்லைத் திருப்பறாருங் மாமா, அந்தச் சத்தம் கேக்குது" என்றாள். அதே இடத்தை இரண்டாவது பதிவில் தேடினாள். அங்கே ஸ்வரம் மட்டும் இருந்தது.